அமைய ஊழியர்: வன்னிச் சபைகளின் அங்கத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்கும் கனத்துக்கும் உரிய அங்கத்தவர்களே,

2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பயனாகக் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு ஆகிய பிரதேச சபைகளிலும், வவுனியா மாநகர சபையிலும், அதனைச் சூழ்ந்த பிரதேச சபைகளிலும் ஆசனம் பெற்றிருக்கின்ற உங்கள் அனைவருக்கும், கட்சிபேதம் பாராது இம்மடலை எழுதுகின்றேன். நான் ஓய்வூதியத்தில் சீவிக்கும் ஒரு பழைய லிகிதன். கிராம சபைகள் இருந்த காலத்தில், 1974ஆம் ஆண்டிலே, உத்தியோகத்தில் சேர்ந்து, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் உருவானதைப் பார்த்து, இடம்பெயர்வுகளின்போது கோவைகளைச் சாக்கில் கட்டிச் சுமந்து, மீள்குடியேற்றத்தின் பின்னர் கூரையில்லாத கந்தோரொன்றில் மேசை போட்டு அமர்ந்து, 2012இல் பேனாவைக் கீழே வைத்தவன். எந்தச் சபையென்று சொல்லமாட்டேன். சொல்லப்போகும் குற்றத்தில் பெரும்பங்கு என்னுடையது என்பதால், அந்த ஸ்தாபனத்தின் பெயரை இழுப்பது நியாயமன்று.

சென்ற மாதம் ஒருவர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சபையின் குப்பை உழவு இயந்திரத்தில் ஏற்றியிறக்கும் வேலை செய்பவர். கையில் ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருந்தார். பெயர், பிறந்த திகதி, விலாசம் எல்லாவற்றையும் நான் எழுதி முடித்து, 'சேவையில் இணைந்த திகதி' என்ற கூண்டுக்கு வந்தபோது, அவர் சற்றே தயங்கி, "ஐயா, முதல் சேர்ந்த திகதியோ, கடைசியாச் சேர்ந்த திகதியோ?" என்று கேட்டார். அவருக்கு அப்படி எத்தனையோ திகதிகள் இருக்கின்றன. முதலாவது திகதி 2011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவற்றுட் சிலவற்றை உண்டாக்கியவன் நான்.

அது எவ்வாறென்று விளக்குகின்றேன். அக்காலத்தில் சபைக்கு வேலையாட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டார்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணியோ யுத்தத்துக்கு முந்திய கணக்கில் நின்றது. புதிய ஆளணிக்குத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் இணங்கவேண்டும். நியமனத்தை மாகாணம் வழங்கவேண்டும். ஆகையால் சபை நிதியிலிருந்து நாட்சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்துக்கொண்டோம். தொடர்ச்சியாக வேலை செய்தால் உரிமை கோருவார்கள் என்றொரு பயம் கந்தோருக்குள் உலாவியமையால், சில மாதங்களுக்கு ஒருமுறை 'உமது சேவை இத்தால் தேவைப்படவில்லை' என்று ஒரு கடிதமும், ஒரு வாரம் கழித்து 'அமைய அடிப்படையில் சேவைக்கு அமர்த்தப்படுகின்றீர்' என்று மற்றொரு கடிதமும் தயாரிக்கப்படும். இவ்விரு கடிதங்களையும் தட்டெழுதிச் செயலாளரின் கையொப்பத்துக்கு முன்வைத்தவன் நான். அந்த இடைப்பட்ட வாரத்திலும் குப்பை சேராமல் இருந்ததில்லை. அந்த மனிதரும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் இல்லை.

அது வெறும் கந்தோர்த் தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஓய்வுபெற்ற பின்பு, 2014ஆம் ஆண்டில், அரச நிர்வாக அமைச்சின் 25ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. தற்காலிக, அமைய, பதிலீட்டு, ஒப்பந்த அடிப்படைகளில் எடுக்கப்பட்டு 180 நாட்கள் சேவையைப் பூர்த்திசெய்தவர்களை நிரந்தரமாக்குவதற்கு அது வழிசெய்தது. தீவெங்கும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு விடிவு தந்த சுற்றறிக்கை அது. நான் தொடக்கிவைத்த வழக்கத்தை எனக்குப் பின்வந்தவர்களும் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தமையால், இம்மனிதருடைய கடைசிக் கடிதத்திலிருந்து எண்ணியபோது நாட்கள் போதவில்லை. மூன்று வருஷம் குப்பை சுமந்த தோள், 180 நாள் வேலை செய்யாத தோளென்று கோவை சொல்லிற்று. ஒரு கோவை சொல்வதை எதிர்த்துப் பேசுவதற்கு ஒரு தொழிலாளிக்கு எந்தச் சந்நிதானம் இருக்கின்றது?

'அமைய ஊழியர்' என்ற சொற்றொடரை யார் ஆக்கினார்களோ அறியேன். அமையம் என்றால் சமயம். சமயத்துக்கு வந்து போகிறவர் என்பது அதன் கருத்தாகலாம். ஆனால் அமைதல் என்றால் பொருந்தி நிலைபெறுதல் என்றும் தமிழில் பொருளுண்டே! எங்கும் அமைய விடப்படாத ஒருவருக்கு அமைய ஊழியர் என்று பெயரிட்டது தற்செயலான பரிகாசம் போலும். இத்தகைய சொற்களுக்கு நம்முடைய வன்னியில் பஞ்சமே இருந்ததில்லை. யுத்த காலத்தில் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவர்களுக்குத் தொண்டர் ஆசிரியர் என்று பெயர். ஆஸ்பத்திரிகளில் காயக்காரரைத் தூக்கி, இரத்தம் கழுவி, பிரசவ விடுதியில் காவல் நின்றவர்களுக்குச் சுகாதாரத் தொண்டர் என்று பெயர். தொண்டு என்ற சொல்லுக்கு நம் சமூகத்தில் உள்ள பக்தியை ஆதாரமாகக் கொண்டே, சம்பளமில்லாத வேலைக்கு அப்பெயரைச் சூட்டி, பின்னர் அவர்கள் நியமனம் கேட்டு வருஷக்கணக்காக வாசல்களில் உட்கார்ந்தபோது, தொண்டு செய்தவர்கள் கூலி கேட்கலாமோ என்பதைப்போல அதிகாரிகள் பார்த்தார்கள். அதன்பின் வந்த பட்டதாரிப் பயிலுநர்களுக்கு 20,000 ரூபாய் கொடுப்பனவு. 2020ஆம் ஆண்டில், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு வேலையென்று ஆரம்பிக்கப்பட்ட திட்டத்துக்குப் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி என்று நாமகரணம். பயிற்சிக் காலத்தில் 22,500 ரூபாய். நோக்கங்கள் பலவென்பது பெயரிலேயே விளங்குகின்றது. அவற்றுள் தேர்தலும் ஒன்றென்று ஊரார் பேசிக்கொண்டதை நான் மறுக்கத் துணியேன்.

ஸ்திரமான உத்தியோகத்தைச் சிவில் நிர்வாகம் கொடுக்கத் தவறினால் அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவார் என்பதையும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கண்டுவிட்டன. முன்பள்ளி ஆசிரியைகளுக்கு மாகாணத்தின் கல்விப் பகுதி மாதம் 6,000 ரூபாய் என்ற அற்பத் தொகையைக் கொடுப்பனவாக வழங்கிய காலத்தில், பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் அதைப்போலப் பன்மடங்கு சம்பளத்தில் முன்பள்ளி ஆசிரியைகளையும் பண்ணைத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. மழலைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு அமைச்சு ஏன் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று நம்முடைய அரசியல்வாதிகள் முழங்கினார்கள், கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த ஆசிரியைகளைக் குறை சொன்ன மேடைகளில், கல்விப் பகுதி ஏன் கொடுக்கவில்லை என்ற மறுகேள்வி அதே உரத்த தொனியில் எழுந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இவையெல்லாம் மேலிடத்து விவகாரங்கள், பிரதேச சபை அங்கத்தவர் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்லுமுன் நிலைமையைப் பாருங்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததன் பின்னர் மாகாணத் தேர்தல் இல்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சியோடு ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 2023 பிறந்தபோது ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டதால், அனுபவமுள்ளவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஆளணி வெற்றிடங்கள் பெருகின, வேலை குறையவில்லை, அமைய ஊழியர் தோளில் அது ஏறிற்று. உங்கள் சபைகளிலேயே 2023 மார்ச் 19ஆம் திகதியோடு அங்கத்தவர்களின் காலம் முடிந்து, ஈராண்டுக்கு மேலாக ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அந்த ஈராண்டிலும் தெருவிளக்கு மாற்றப்பட்டது, சந்தை கூட்டப்பட்டது, கோடையில் தண்ணீர்ப் பவுசர் குடியேற்றக் கிராமங்களுக்குப் போய்வந்தது. அங்கத்தவர் இல்லாமல் சபை நடந்தது. அமைய ஊழியர் இல்லாமல் ஒரு கிழமை நடந்திருக்குமோ என்பதை நீங்களே நெஞ்சிற் கைவைத்துச் சொல்லுங்கள்.

வைகாசி மாதத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குப் போகாதவர் உங்களில் ஒருவரும் இரார். விடியற்காலையில், பல்லாயிரம் சனங்கள் கலைந்து போன பின்பு, கோயிலருகேயுள்ள கடனீரேரிக் கரை கிடக்கும் கோலத்தை நின்று பார்த்தவர் எத்தனை பேர்? சாப்பாட்டுப் பொதிகளும் போத்தல்களும் தேங்காய்ச் சிரட்டைகளும் முழங்காலளவு கிடக்க, அவற்றைக் கூட்டியள்ளி, மறுநாள் அங்கே திருவிழா நடந்த சுவடே தெரியாமற் செய்பவர்களைப் பாருங்கள். அந்தப் பொங்கலில் உப்புநீரில் விளக்கெரிவது அம்பாளின் அற்புதம் என்று கைகூப்புகின்றோம். அடுத்த மாதம் கடிதம் வருமோ வராதோ என்று தெரியாத வீடுகளில் அடுப்பெரிகின்றதே, அதையும் அற்புதக் கணக்கிற் சேர்க்கலாம். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் மூழ்கியபோதும், பெருந்தொற்றுக் காலத்தில் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோதும், வெளியே நின்றவர்கள் யாரென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

சம்பளம் கொடுக்கின்றோமே என்பீர்கள். சம்பளம் மட்டுமா உத்தியோகம்? நிரந்தர ஊழியர் இடர்க்கடன் எடுப்பார். வங்கி அவரை உட்காரச் சொல்லும். அமைய ஊழியரின் கடிதத்தை வங்கி முகாமையாளர் இரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைப்பார். அதனால் அமைய ஊழியர்களான பெண்கள் எங்கே போகின்றார்கள்? கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்று அறவிடும் நுண்கடன்காரரிடம் போகின்றார்கள். 2018ஆம் ஆண்டில், வறட்சி பீடித்த மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடனில் ஒரு பங்கை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டிய அளவுக்கு அந்தத் துன்பம் முற்றியிருந்தது. நிரந்தர ஊழியர் இறந்தால் விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியம் குடும்பத்தைத் தாங்கும். கணவனைப் போரில் இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் இத்தனை பேர் வாழும் ஒரு நிலத்தில், அந்தச் சிறிய தொகையின் பெறுமதியை உங்களுக்குப் போதிக்க வேண்டுமா? சந்தை கூட்டும் ஒரு பெண் என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "நான் செத்தால் என்ர பேர் கந்தோரில ஒரு புத்தகத்திலையும் இராது, ஐயா. பிள்ளையளுக்கு அனுதாபத் துண்டு ஒண்டுதான் மிச்சம்."

மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். நிரந்தர நியமனம் கிடைத்த மறுநாளே முதுகு வளையாத ஊழியர்களோடு நானும் மல்லுக்கட்டியிருக்கின்றேன். பத்து மணிக்கு வந்து பதினொரு மணிக்குத் தேநீருக்குப் போகும் மகானுபாவர்கள் எல்லாக் கந்தோர்களிலும் உண்டு. ஆனால் அதற்குத் தாபன விதிக்கோவை இருக்கின்றது, ஒழுக்காற்று விசாரணை இருக்கின்றது. சோம்பேறியைத் தண்டிக்கத் துணிவில்லாத நிர்வாகம், அதற்குப் பிராயச்சித்தமாக உழைப்பாளியைப் பயத்தில் வைத்திருப்பது எந்தச் சாஸ்திரத்தில் அடங்கும்? இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு. அமைய ஊழியர்களிற் பலர் போட்டிப் பரீட்சையுமின்றி, பகிரங்க விளம்பரமுமின்றி, ஒருவருடைய சிபாரிசின் பேரில் உள்ளே வந்தவர்கள். அவர்களை நிரந்தரமாக்கினால், முறையாக விண்ணப்பித்துக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அநீதியல்லவா? ஆம், அநீதிதான். இந்த ஆட்சேபத்துக்கு இலேசான விடை என்னிடம் இல்லை. பின்கதவால் வந்தவர் பன்னிரண்டு வருஷம் முன்வாசலைக் கூட்டியிருக்கின்றார் என்பதையும், அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் அவரல்லர் என்பதையும் மட்டும் தராசின் மறுதட்டில் வைக்கின்றேன்.

கதவைத் திறந்தவர் யார்? கனம் அங்கத்தவர்களே, இங்கேதான் நான் உங்களோடு நேராகப் பேசவேண்டியவனாகின்றேன். நிரந்தரமாக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லையென்று மேடையில் நீங்கள் சொல்வது முழு உண்மை. ஆனால் தற்காலிகமாக எடுக்கவும், வைத்திருக்கவும், விலக்கவும் ஒரு சொல் சொல்லும் செல்வாக்கு உங்களிடம் உண்டு. அந்தச் செல்வாக்கு உங்களுக்கு இனிக்கின்றது. வட்டாரத்தில் ஒரு குடும்பத்துக்கு வேலை வாங்கிக் கொடுத்தால் அந்த வீட்டின் வாக்குகள் மட்டுமல்ல, ஒழுங்கை முழுவதின் வாக்குகளும் கிடைக்கும். அந்த வேலை நிரந்தரமாகிவிட்டாலோ, அவர் உங்களுக்குக் கடமைப்பட்டவரல்லர், சபைக்குக் கடமைப்பட்டவர். தவிசாளர் மாறும்போதெல்லாம் அமைய ஊழியர்களின் முகத்தில் வரும் வாட்டத்தை நான் பல தடவை கண்டிருக்கின்றேன். புதிய தவிசாளரின் வீட்டுக் கலியாணத்துக்குக் கதிரை தூக்கப் போனவர்களையும் கண்டிருக்கின்றேன். ஒருவரும் அவர்களை அழைக்கவில்லை, அழைக்கத் தேவையிருக்கவில்லை. மின்கம்பத்தில் ஏறுபவர், எந்த வீட்டின் முன்னே விளக்கைப் போட்டால் தம்முடைய கடிதம் புதுப்பிக்கப்படும் என்று யோசிக்கத் தொடங்கினால், இருட்டில் இருக்கும் ஏழைக் கிழவியின் ஒழுங்கைக்கு வெளிச்சம் எப்போது போகும்? தவணைநாள் எண்ணுகிறவனிடம் சத்தியத்தை எதிர்பார்க்கும் நிர்வாகம் பேராசை பிடித்த நிர்வாகம்.

நம்முடைய துன்பம் நமக்கு மட்டும் வாய்த்ததன்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு முன்னே, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுத் தொழிலாளர், தங்கள் வேலை தனியார் நிறுவனமொன்றுக்கு ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டுப் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் பொலிசாரால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். இத்தனைக்கும், நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைப்பதைத் தடைசெய்வதற்கு இடமளிக்கும் சட்டம் இந்தியாவில் 1970ஆம் ஆண்டு முதலே இருக்கின்றது. மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டுகள் துப்புரவு முதலிய வேலைகள் செய்து நீக்கப்பட்டவர்களுடைய வழக்கில், 2024 டிசெம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இடையறாது தேவைப்படும் வேலையை நெடுங்காலம் செய்தவர்களைத் தற்காலிகம் என்ற பெயர்ச்சீட்டைக் காட்டித் தள்ளலாகாது என்று கூறி, அவர்களை முறைப்படி சேர்த்துக்கொள்ளக் கட்டளையிட்டது. சட்டம் ஓரிடத்தில், தீர்ப்பு ஓரிடத்தில், தொழிலாளி வேறோரிடத்தில் இருக்கின்றார்கள் என்பதே இரு கரைகளிலும் கண்ட காட்சி.

உங்கள் சபைகளின் வருமானம் எனக்குத் தெரியும். சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிக் கட்டணம், நேற்றுத்தான் தலையெடுத்த ஊர்களின் சொற்ப ஆதனவரி. இவற்றை வைத்துக்கொண்டு மலையைப் புரட்டச் சொல்லவில்லை. நான் கேட்பது காசில்லாமற் செய்யக்கூடியது. சபையின் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்: ஏற்கெனவே வேலை செய்யும் அமைய ஊழியர்களின் கணக்குத் தீரும்வரை, எவருடைய சிபாரிசின் பேரிலும், தவிசாளரின் சிபாரிசானாலும்கூட, இன்னொருவரை அமைய அடிப்படையில் எடுப்பதில்லை என்று. பின்பு, தற்போது இருப்பவர்கள் எல்லோருடைய பெயரையும், அவர்கள் செய்யும் வேலையையும், சேர்ந்த திகதியையும் மூப்பு ஒழுங்கில் எழுதி, சபையின் அறிவித்தற் பலகையில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். அந்தப் பட்டியலின் பிரதியோடு ஆளணி அனுமதிக்கும் நியமனத்துக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். பகிரங்கப் பலகையில் ஏறிய பெயரை இரகசியமாக வெட்டுவது கடினம் என்பது முப்பத்தெட்டு வருஷக் கந்தோர் வாழ்க்கையில் நான் கற்ற ஒரேயொரு இராசதந்திரம்.

சில சபைகளில் பழைய கோவைகள் கறையானுக்கு இரையாகியிருக்கும். சில இடங்களில் வேண்டுமென்றே காணாமற் போயிருக்கும். அப்படியானால் சம்பளப் பதிவேட்டைப் பாருங்கள். அதுவுமில்லாவிட்டால் உடன் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். என்னைப்போல் ஓய்வுபெற்ற லிகிதர்கள் ஊரூராக இருக்கின்றோம். எந்தக் கடிதத்தை எந்த மாதம் எழுதினோம், ஏன் எழுதினோம் என்று சத்தியக் கூற்றுத் தர நான் ஆயத்தமாக இருக்கின்றேன். அதனால் எனக்கு வரும் அபகீர்த்தியைப் பற்றிக் கவலையில்லை.

அன்று என் விறாந்தையிலிருந்தவர் கேட்ட கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு, தேநீர் குடிக்கச் சொல்லி, பின்பு அந்தக் கூண்டில் 2011ஆம் ஆண்டின் திகதியை எழுதிக் கொடுத்தேன். படிவத்தை வாங்கிப் பார்த்த உத்தியோகத்தர், கோவையில் வேறு திகதி இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். அந்தப் படிவம் இப்பொழுது என் மேசையில் கிடக்கின்றது. உங்கள் பட்டியலை எழுதும்போது, கனம் அங்கத்தவர்களே, தயவுசெய்து முதற் திகதியையே எழுதுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஒரு லிகிதன்,
கிளிநொச்சி.